மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கறை

— "…ஆகவே, லாங்கன்ஹாகன் கணினி விமானிகள் சங்கத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் தலைவரின் முக்கிய அறிவிப்பு. சங்கத்தின் முப்பதாண்டு வரலாற்றில் இதுவரை நிகழ்ந்திராததும், இனி ஒருபோதும் நிகழக் கூடாததும், நெஞ்சை உலுக்குவதுமான ஒரு நம்பிக்கைத் துரோகம்…" ஹைக்கெ, கேக்கறியா?

— கேக்கறேன். அந்த "நெஞ்சை உலுக்கும்" மட்டும் வேண்டாம், டெட்லெஃப். காப்பி மெஷின் ரிப்பேரான அறிவிப்புலயும் நெஞ்சை உலுக்கிட்ட.

— அது வேற உலுக்கல். குறுக்க பேசாத. "சங்கத்தின் துணைத் தலைவர் திரு. இங்கோ ராடமாக்கர் அவர்கள், தலைவராகிய எனது படைப்பைத் திருடித் தன் படைப்பாக வெளியிட்டிருப்பது ஐயத்திற்கு இடமின்றி நிரூபணமாகி இருப்பதால், அன்னார் அடிப்படை உறுப்பினர் உள்ளிட்ட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் இன்று முதல் நீக்கி வைக்கப்படுகிறார்."

— அன்னாரா? இங்கோவா அன்னார்? நம்ம கல்யாணத்துல மோதிரத்தைத் தொலைச்சுட்டு சர்ச் வாசல்ல உக்காந்து அழுதானே, அவனா?

— கல்யாணம் தனி, சங்கம் தனி. நீ செயலாளர். எழுதிக்கோ.

— கையெல்லாம் அஸ்பாரகஸ் தோல். சீவி முடிச்சுட்டு எழுதறேன். ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கேன், வெளிய மே மாசம், இங்க பாதாள அறை மாதிரி இருக்கு.

— தூக்கினா திரையில வெளிச்சம் விழும். வெளிச்சம் விழுந்தா சாம்பல் நிறம் நீலமாத் தெரியும். எத்தனை தடவை சொல்றது?

— போகட்டும். நீ அவனை நீக்கிட்டா வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் எங்க போவான், அதை யோசிச்சியா? அவன் பொண்டாட்டி ரெனாட்டெ செத்துப் போனதுக்கு அப்புறம் அவன் வாயைத் திறந்து பேசறதே இந்த சமையலறையிலதான். மத்த நாள்ல ரொட்டிக் கடைக்காரிகிட்ட "ரெண்டு பன்னு குடுங்க"ன்னு சொல்றதோட சரி.

— அதுக்காகத் திருட்டை மன்னிக்க முடியுமா? ரெண்டு வருஷம், ஹைக்கெ. கம்ப்யூட்டர்ல பறக்கறதுக்காக உன் கம்பெனியோட அந்தப் பழைய சரக்கு விமானத்தோட வெளித்தோலை வரைய ரெண்டு வருஷம் ஆச்சு எனக்கு. ஒவ்வொரு ஆணியும் நான் வச்சது. கதவு இடுக்குல கறுப்பு, இஞ்சினுக்குப் பின்னால புகை, ரெக்கை மேல மெக்கானிக் மிதிச்ச பூட்ஸ் தடம். பளபளன்னு விமானம் வரைய எவனாலும் முடியும். அழுக்கு வரையத் தெரிஞ்சவன்தான் கலைஞன். சிமுலேட்டர்ல பறக்கறவன் என் விமானத்துக்கிட்ட வந்தா எண்ணெய் வாடை அடிக்கணும். அடிக்குதுன்னு பின்லாந்துல இருந்து ஒருத்தன் எழுதியிருந்தான்.

— நம்ம குளியலறைச் சுவத்துல ஒரு அழுக்கு இருக்கு. அது யாரும் வரையாதது. வந்து ஒரு தடவை பாக்கலாம்.

— அதைப் பத்தி அப்புறம்.

— நாலு வருஷமா அப்புறம். சரி, திருடினான் திருடினான்னு சொல்றியே, எப்படித் தெரியும்? அவனும் அதே விமானத்தைப் பாத்துத்தானே வரையறான்? ஒரே மாதிரிதானே வரும்?

— அங்கதான் மாட்டினான்! உனக்குச் சொல்லலாம், நீ சங்கத்தோட அதிகாரி. யார்கிட்டயும் சொல்லாத. நான் ஒரு கண்ணி வச்சிருந்தேன்.

— கண்ணியா?

— எங்க வேலையில பெரிய ஆளுங்க எல்லாரும் வப்பாங்க. நிஜ விமானத்துல இல்லாத ஒண்ணை, சின்னதா, எங்கயாவது ஒரு மூலையில வச்சுடறது. ஒருத்தன் கூடுதலா ஒரு ஆணி வப்பான், ஒருத்தன் கீறல் போடுவான். திருடன் நிஜத்தைப் பாக்கமாட்டான், நம்ம படத்தைத்தான் பாப்பான். அப்படியே எடுப்பான். பொய்யும் சேந்து போகும். நான் ஒரு கறை வச்சேன். வயித்துல, மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால. அந்த விமானத்துல அப்படி ஒரு கறை கிடையாது, நானே கற்பனையில இழுத்தது. போன வாரம் இங்கோ வெளியிட்ட விமானத்தைத் திருப்பிப் பாக்கறேன், அதே இடத்துல அதே கறை!

— எப்படி இருக்கும் அந்தக் கறை?

— பழுப்பு. ஒரு கதவு அகலம். உருளைக்கிழங்கு மாதிரி, பின்பக்கம் வால் வச்சு. ஹைக்கெ? ஏன் கத்தியைக் கீழ வச்சுட்ட?

— கை வலிக்குது.

— எழுதறியா?

— டெட்லெஃப், அந்த அறிவிப்பை அனுப்பாத.

— ஏன்?

— சும்மாதான். நாளைக்கு அனுப்பு. இல்ல அடுத்த வாரம்.

— முடியாது. விதிப்படி குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு. அதுக்காக அவரை இன்னைக்கு நாலு மணிக்கு வரச் சொல்லிக் கடுதாசி போட்டிருக்கேன். மணி அடிக்குது பார். கதவைத் திற.

— …வா, இங்கோ. வீட்டுச் செருப்பு போட்டுக்கோ, தரை ஜில்லுனு இருக்கு. அந்தப் பழுப்பு ஜோடி உன்னோடதுதானே.

— இன்னும் என்னோடதுதானா? சரி. இந்தா ஹைக்கெ, ரூபார்ப் கேக். மூணு துண்டு. என்னமோ, கையை வீசிக்கிட்டு வர மனசு வரல.

— பாத்தியா, டெட்லெஃப்? நீ வெளிய தள்ளப் போறவன் கேக்கோட வந்திருக்கான்.

— கேக் பதிவு செய்யப்படட்டும். உள்ள வாங்க, ஹெர் ராடமாக்கர். உக்காருங்க.

— வாங்களா?

— சங்க நடவடிக்கை நடக்கும்போது வாங்க, ஹெர்னு மரியாதையாத்தான் பேசணும்.

— கடுதாசியிலயும் "தாங்கள்"னு போட்டிருந்த. நான் முதல்ல வரி ஆபீஸ்ல இருந்து வந்ததுன்னு நினைச்சு ரெண்டு நாள் பிரிக்கல. முப்பது வருஷமா வாடா போடான்னு இருந்துட்டு… என்னமோ. திருடன்னு சொன்னது கூடப் பரவால்ல, டெட்லெஃப். அந்த "தாங்கள்" தான் பொறுக்க முடியல.

— உணர்ச்சிவசப்படாதீங்க. விஷயத்துக்கு வருவோம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடியிருக்கு. உறுப்பினர்கள்: தலைவர், செயலாளர், துணைத் தலைவர்.

— துணைத் தலைவர் நான்தானே?

— ஆமா.

— அப்போ என்னை நீக்கறதுக்கு நானும் ஓட்டுப் போடணுமா?

— போடலாம். விதி இருக்கு. முதல் கேள்வி. அந்தக் கறையை எங்க இருந்து எடுத்தீங்க?

— விமானத்துல இருந்துதான்.

— எந்த விமானத்துல இருந்து?

— விமானத்துல இருந்துப்பா! வானத்துல பறக்குதே, அதுல இருந்து. ஏப்ரல்ல ஏர்போர்ட் வேலிப் பக்கம் போய் நின்னேன், வீட்ல இருக்க முடியல. தலைக்கு மேல இறங்கிச்சு. படம் எடுத்தேன். வயித்துல கறை இருந்துச்சு. வரைஞ்சேன். அதான். இந்தா, போன்ல இருக்கு, பாரு.

— போட்டோவா? யார்கிட்ட காட்டறீங்க? நீங்களும் நானும் இத்தனை வருஷமா இல்லாததை இருக்கற மாதிரிக் காட்டறதையே வேலையா வச்சிருக்கோம். இந்த ஊர்ல போட்டோவை நம்பக் கூடாத ஆளுங்க ரெண்டு பேர் இருந்தா அது நாம ரெண்டு பேர்தான். ஒரு கறையை போட்டோவுல சேக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

— பத்து நிமிஷம்.

— ஒத்துக்கறார். எழுதிக்கோ, ஹைக்கெ.

— நான் எதையும் எழுதல.

— அது மட்டும் இல்ல. இங்க பாருங்க, உங்க போட்டோவுல கறையோட ஓரம் பளிச்சுனு இருக்கு. ஆனா நீங்க வரைஞ்ச கறையில ஓரம் மங்கலா, ஆவி மாதிரி இருக்கு. அது என்னோட ஓரம்! அந்த மாதிரி ஓரத்தை மங்கலாக்கறது ஜெர்மனியில நான் ஒருத்தன்தான். இதுக்கு என்ன பதில்?

— அது வந்து… நிஜத்துல ஓரம் ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. கத்திரிக்கோலால வெட்டி ஒட்டினாப்ல. நம்பறாப்லயே இல்ல. எண்ணெய்க் கறை அப்படியா இருக்கும்? அதான் நானே கொஞ்சம் மங்கலாக்கினேன். உன்கிட்ட கத்துக்கிட்டதுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா கறை விமானத்தோடது.

— நிஜத்துல கறை இருந்துச்சு, ஆனா அது நிஜம் மாதிரி இல்ல, அதனால நிஜத்தைத் திருத்தினேன். இதுதான் வாக்குமூலமா?

— சொல்லிக் கேட்டா கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு.

— இதுக்கு மேல என்ன வேணும்? நடந்தது தெளிவு. ஓட்டெடுப்புக்கு விடறேன்.

— கொஞ்சம் இரு, டெட்லெஃப். நான் சங்கத்துல நீடிக்கணும்னு பிடிவாதம் எல்லாம் இல்ல. களைச்சுப் போயிட்டேன். இவ்வளவு வயசாயிடுச்சு, ஒரு கறைக்காக உக்காந்து சத்தியம் பண்ணணுமா? ஆனா வெள்ளிக்கிழமை… வியாழக்கிழமை மத்தியானமே நான் சட்டைக்கு இஸ்திரி போட்டு வச்சுடுவேன். அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன், பஸ்ல. இனிமே அந்த சட்டையை என்ன பண்றதுன்னு.

— போதும்டா சாமி! போதும். இங்கோ, நீ உக்காரு. டெட்லெஃப், கறை விமானத்துல இருக்கு.

— என்ன?

— கறை விமானத்துல இருக்கு. வாலோட. குளிர்காலத்துல இருந்து இருக்கு. நான் தினம் ஆபீஸ் ஜன்னல் வழியாப் பாக்கறேன்.

— அது எப்படி இருக்கும்? அந்தக் கறையை நான்ல கண்டுபிடிச்சேன்!

— குளிர்காலத்துல அந்த விமானத்தைப் புதுசாப் பெயிண்ட் அடிக்கச் செக் நாட்டுல ஒரு பட்டறைக்கு அனுப்பினாங்க. எந்த நிறம் எந்த இடத்துலன்னு படம் கேட்டான் பட்டறைக்காரன். பழைய படம் கம்பெனியில யார்கிட்டயும் இல்ல. எங்க மேனேஜர் டாக்டர் ஃபிங்க்கெ வந்து, "உங்க வீட்டுக்காரர் ஏதோ விமானம் எல்லாம் வரைவாராமே"ன்னார். நீ குளிச்சுக்கிட்டு இருந்தப்போ கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துக் குடுத்துட்டேன்.

— குடுத்துட்டியா! என்னைக் கேக்காமயா?

— கேட்டிருந்தா சங்கத்தைக் கூட்டியிருப்ப.

— ஆனா… பட்டறைக்காரனுக்குக் கண்ணு இல்லையா? பெயிண்ட் அடிக்கறவன் கறையை எதுக்கு அடிப்பான்?

— அவன் பாவம், புகை, பூட்ஸ் தடம் எல்லாம் அழுக்குன்னு விட்டுட்டு இதை மட்டும் கேட்டான். போன் மேல போன். "வயித்துல ஒரு பழுப்புத் திட்டு இருக்கே, அது எதுக்கு?"ன்னு. டாக்டர் ஃபிங்க்கெவுக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிப் பழக்கம் இல்ல. கோட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "அது எங்கள் நிறுவனத்தின் மரபுச் சின்னம், படத்தில் உள்ளபடி செய்யவும்"னுட்டார். அவன் டேப் ஒட்டி, அளவு எடுத்து, மூணு கோட்டிங் அடிச்சுக் குடுத்துட்டான்.

— டேப் ஒட்டியா! அதான் ஓரம் அவ்வளவு சுத்தம்! நான் சொன்னேன்ல, ஹைக்கெ? கத்திரிக்கோலால வெட்டினாப்லன்னு?

— சொன்ன, இங்கோ. எனக்கு அது பொய்க் கறைன்னே தெரியாது. இவன் வரைஞ்சிருக்கான், அப்போ விமானத்துல ஏதோ இருக்கும்னு விட்டுட்டேன். கொஞ்சம் முன்னாடி கண்ணி கிண்ணின்னு இவன் சொன்னப்போதான் புரிஞ்சுது. டெட்லெஃப், உன் கண்ணி நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. மாட்டினது நான்.

— நான் இதை நம்பமாட்டேன்.

— என்னையா?

— யாரையும். அவர் போட்டோ காட்டறார், நீ கதை சொல்ற. நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்வீங்க. நான் கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்.

— கண்ணால பாக்கறதுக்கு உனக்கு என்ன தடை? ஸ்டாக்ஹோம்ல இருந்து தினம் சாயங்காலம் நம்ம வீட்டு மேலதான் இறங்குது. அலமாரியில இருக்கற கண்ணாடி டம்ளர் எல்லாம் ஆடுது. என்னைக்காவது எழுந்து வெளிய வந்து அண்ணாந்து பாத்திருக்கியா? சத்தம் கேட்டா ஹெட்போனை மாட்டிக்கற!

— நிஜச் சத்தத்துல இஞ்சின் சரியாக் கேக்கறதில்ல.

— டெட்லெஃப், நீ வேலிப் பக்கம் கடைசியா எப்போ வந்த? உண்மையைச் சொல்லு.

— முழங்கால் வலி, ஹெர் ராடமாக்கர்.

— அது தெரியும். எப்போ வந்த?

— …ரெனாட்டெ இருந்தப்போ.

— ஆமா. அவ ஃப்ளாஸ்க்ல சூப் கொண்டு வந்தா. நீ உப்பு இல்லைன்ன.

— இல்லைதான். உப்பு இல்ல.

— ஒருநாளும் இருந்ததில்ல, பாவம்.

— உஷ். கேளுங்க. டம்ளர் ஆடுது. அதுதான். எழுந்திரு, டெட்லெஃப். ஷட்டரைத் தூக்கறேன்.

— ஐயோ, வெளிச்சம்! திரை!

— திரை எங்கயும் போகாது. தோட்டத்துக் கதவைத் திற, இங்கோ. அவன் கையைப் பிடி, படி இருக்கு.

— பிடிச்சுக்கிட்டேன். என் மேல சாஞ்சுக்கோ. அதோ, அந்தப் பிர்ச் மரத்துக்கு மேல விளக்கு தெரியுது பாரு. பைனாகுலர் கொண்டு வந்திருக்கேன், இரு, தூரத்தை சரி பண்ணித் தர்றேன்.

— எதுக்கு நீ சரி பண்ணணும்? டேய் இங்கோ, குடுடா அதை!

— என்ன சொன்ன?

— குடுடான்னேன்! வந்துடுச்சு, கழுத்து வலிக்குது, சீக்கிரம் குடு!

— இந்தாடா. பிடி. சக்கரத்தை இறக்கிட்டான். மூக்குக்குப் பின்னால பாரு… இப்போ!

— தெரியுது.

— வால்?

— இருக்கு.

— கதவு அகலம்?

— இருக்கு.

— அட, போயே போயிடுச்சு. ரெண்டு பேரும் கழுத்தைக் கீழ இறக்குங்க, சுளுக்கிக்கும். டெட்லெஃப்? அழறியா?

— வெளிச்சம். கண்ணு கூசுது.

— டேய், நீ உக்காந்த இடத்துல இழுத்த கறை வானத்துல போகுதுடா. பின்லாந்துக்காரனை விடு, இது எவனுக்குக் கிடைக்கும்? எனக்கே பொறாமையா இருக்கு.

— ஹைக்கெ. நோட்டைக் கொண்டு வா.

— இங்கயா? தோட்டத்துலயா?

— கூட்டம் இன்னும் முடியல. எழுது. துணைத் தலைவர் இங்கோ மேல குடுத்த புகார் வாபஸ். அறிவிப்பு ரத்து. வெள்ளிக்கிழமை வழக்கம்போல.

— அப்பாடா. எழுதிட்டேன். இஸ்திரியை எடுத்து வச்சுக்கோ, இங்கோ. என் மேல புகார் உண்டா?

— நீ எடுத்துக் குடுத்தது தப்புதான். ஆனா புகார் இல்ல. அஸ்பாரகஸ் பாதியில கிடக்குது.

— பெரிய மனசு. முடிஞ்சுதா? கேக்கைச் சாப்பிடலாமா?

— இரு, இன்னும் ஒண்ணு இருக்கு. இங்கோ, நீ சொன்னது சரிதான்டா. அந்த ஓரம்.

— நம்பறாப்ல இல்ல, இல்ல?

— துளிகூட இல்ல. எண்ணெய் அப்படி நிக்காது. பழுப்பும் ஒரு சொட்டு சிவப்பு கூடிப்போச்சு. உன்னோடதும் என்னோடதும் எவ்வளவோ தேவலை.

— அதேதான் நானும் அன்னைக்கு வேலிகிட்ட நின்னு நினைச்சேன்.

— என்னன்னு எழுதணும், டெட்லெஃப்? நிக்க முடியல எனக்கு.

— எழுது. விமானம் அசல் மாதிரி இல்லை.